எண்ணப்பட்டோரும் எழுதப்பட்டோரும்

வில்லாபுரத்தில் நம் வீட்டுப் பரண்மீது ஒரு தகரப்பெட்டி உண்டு. அதனுள் இரண்டு கிரயப் பத்திரங்கள், செல்லரித்த சில சாதகக் குறிப்புகள், மூன்று மொய் நோட்டுகள். நம் குடும்பத்தின் எழுதப்பட்ட வரலாறு முழுவதும் இவ்வளவே. பாட்டனாரின் தந்தை பெயர் வரை தெரிகிறது, அதற்கப்பால் இருள். இத்தனைக்கும் ஒரே ஒருவரைத் தவிர நம் முன்னோர் எவரும் மதுரையைவிட்டு அகன்றதில்லை. அந்த ஒருவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

கடல் கடந்து போனவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டால் சென்றோர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவை குறிக்கப்பட்டன. அங்கு நடந்த திருமணங்களும் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாயின. இக்கப்பல் பட்டியல்கள் பிற்காலத்தில் கணினியில் ஏற்றப்பட்டன. தன் கொள்ளுப்பாட்டனின் எண்ணை அறிந்த டர்பன் தமிழர் ஒருவர், அவர் பிறந்த ஊரை ஒரு மாலைப்பொழுதில் கண்டுகொள்ளக்கூடும்.

இது அரசின் அன்பினால் விளைந்ததன்று. தப்பி ஓடுபவரைப் பிடிக்கவும் ஒப்பந்தக் கணக்கை முடிக்கவும் எழுதியவை இவை. மாட்டுக்குச் சூடு போடுவது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். எழுதியவர் தம் செவிக்கு எட்டியபடி எழுதினார். முதலி 'மூட்லி' ஆனதும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் அவ்வாறே. ஆயினும் சூட்டுத் தழும்பும் ஓர் அடையாளந்தானே!

ஊரிலேயே இருந்தவர்களை அரசு எண்ணியது, எழுதவில்லை. சென்னை மாகாணத்தில் 1871-இல் முறையான குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. கார்னிஷ் என்பார் அதன் அறிக்கையை உருவாக்கினார். அதில் மதுரை மாவட்டத்தின் மக்கள் தொகை உண்டு, சாதி உண்டு, தொழில் உண்டு. ஒரு மனிதனின் பெயர் இல்லை. அட்டவணை முடிந்ததும் வீட்டுவாரித் தாள்களைக் காக்க வேண்டும் என எவரும் எண்ணவில்லை. இங்கிலாந்திலோ 1841 முதல் பெயரோடு கூடிய ஏடுகள் காக்கப்பட்டுள்ளன. 1921-ஆம் ஆண்டுக் கணக்கு நூறாண்டு கழிந்து 2022 தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டம் தனிமனிதர் குறிப்புகளைப் பார்வையிட எவர்க்கும் உரிமை தரவில்லை. ஆகவே குடிக்கணக்கில் பாட்டனைத் தேடுவது, நெற்குவியலின் எடைச்சீட்டில் ஒரு நெல்மணியைத் தேடுவது போன்றது.

கல்லறைகளில் தேடலாமெனின் அதுவும் நமக்கு வாய்க்காது. சூலியன் சேம்சு காட்டன் என்பார் 1905-இல் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியரே. கிறித்தவக் குடும்பத்தார்க்குத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என மூன்று கோவிற்பதிவேடுகளாவது கைகொடுக்கும். தத்தனேரியில் எரித்து வையையில் கரைத்தவர்க்குக் கல் ஏது? அதே வையைக் கரையில், ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகல் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பானின் பெயரை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்திருக்கிறது. நம் முப்பாட்டனார்க்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

பெயர் கிடைத்தாலும் மயக்கம் தீராது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் திரும்ப வரும். நம் கிரயப் பத்திரங்களிலும் இவ்வாறே ஒரே பெயருடைய இருவரை நாம் நெடுநாள் ஒருவர் எனக் கொண்டிருந்தோம்.

பெயர் தெரியாமை நமக்கு வெறும் மனக்குறை. இலங்கைத் தோட்டங்களில் அது வாழ்வையே பறித்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே போனவர்களுக்கு நேட்டால்போல் விரிவான ஏடு இல்லை. 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் ஒன்றைக் கேட்டது: தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? தேயிலையை மூன்று தலைமுறையாக வளர்த்தவர்கள் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாத்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தனர். எஞ்சியோரை 1974-இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். இங்கும் எண்களே, பெயர்கள் இல்லை. அங்கு எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இனி அந்த ஒருவர். பாட்டனாரின் மூத்த தமையனார் 'கண்டிச்சீமைக்குப் போனவர்' என்றே வீட்டில் சுட்டப்பட்டார், பெயர் சொல்வாரில்லை. அரசு எழுதாததை மொய் நோட்டு எழுதியிருந்தது. மதுரைப் பக்கத்து மொய் எழுதுவோர் பிள்ளையார் சுழியிட்டு, முதலில் தாய்மாமன் செய்முறையைக் குறித்து, பின் ஊர், பெயர், தொகை என வரிசையாக எழுதுவர். திருப்பிச் செய்யவேண்டிய கடன் ஆதலின் பிழை விடமாட்டார்கள். நம் அத்தையின் திருமண நோட்டில், அவனியாபுரத்துக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் இடையே 'கண்டி' என்று ஓர் ஊர். எதிரே பாட்டனாரின் பாட்டனுக்குரியது என நாம் இப்போது கருதும் பெயர். தொகை ஐந்து ரூபாய். மூத்த பெயரனுக்கே பாட்டன் பெயர் போகும் என்பதை நினைத்துப் பார்த்தபோதுதான் இருவர் முடிச்சு ஒருசேர அவிழ்ந்தது.

அந்த ஐந்து ரூபாய் திருப்பிச் செய்யப்பட்டதாக மூன்று நோட்டுகளிலும் குறிப்பில்லை.