பரு போக சாமைச் சோறு போதுமா?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாக கொல்லிமலைக்கு வண்டி எடுத்தால், அடிவாரத்தில் வரும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. அதைத் தாண்டி காரவள்ளி. அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் இருப்பவர்கள் காலங்காலமாக விதைத்துச் சாப்பிட்டது சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி நிறைய காடுகளைப் பிடித்துக்கொண்டது. தட்டிலும் ரேஷன் அரிசி வந்துவிட்டது.

இதுக்கும் என் மூஞ்சியில இருக்குற பருவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு.

வெள்ளைச் சோறு, மைதா பரோட்டா, கூல்டிரிங்ஸ் மாதிரி சட்டென ஜீரணமாகும் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனதும் ரத்தத்தில் சர்க்கரை ஜிவ்வென்று ஏறும். அதைச் சமாளிக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும். அது ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனையும் ஆண் ஹார்மோன்களையும் உசுப்பிவிடும். பெண்களுக்கும் இந்த ஹார்மோன்கள் கொஞ்சம் உண்டு. விளைவு, முகத்தில் எண்ணெய் வழியும்; செத்த செல்கள் துவாரத்தை அடைக்கும்; உள்ளே பாக்டீரியா பெருகி வீங்கும். அதுதான் பரு.

2007-ல் ஆஸ்திரேலியாவில், பரு இருந்த 15 முதல் 25 வயதுக்குட்பட்ட 43 ஆண்களை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன. வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 12. ஆனால் முதல் குழுவுக்கு எடையும் குறைந்தது. அதனால் முழுப் புகழையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. அம்மா அப்பாவுக்குப் பரு இருந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அதை எந்தத் தானியமும் மாற்றாது.

சரி, என்ன சாப்பிடலாம்? மதியச் சோற்றில் பாதியைச் சாமையாக மாற்றுங்கள். கூடவே கீரை, பருப்பு, கொள்ளு ரசம். நிறைய பேர் கோட்டை விடுவது ஒரு விஷயத்தில்: சிறுதானியம் என்று பெயர் இருந்தாலே போதும்னு நினைக்கிறாங்க. தவிட்டையெல்லாம் நீக்கி வெள்ளையாக்கிய சாமையில் நார்ச்சத்து போயிருக்கும். கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். அதில் வெல்லத்தையும் கொட்டினால் சொல்லவே வேண்டாம். முழுத் தானியமாக, மென்று சாப்பிடும் பதத்தில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு டீயா? முதலில் அதில் போகும் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சாமை வாங்குவதைவிட இது சுலபம், செலவும் இல்லை.

பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் அப்படி இல்லை. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவும்: வே புரோட்டீன் பவுடர் ஆரம்பித்த பிறகு முதுகிலும் நெஞ்சிலும் பரு கிளம்பினால், ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். முட்டையா? பாவம், அதைக் குற்றம் சொல்ல வலுவான ஆதாரம் கிடையாது. நாமக்கல்காரர்கள் நிம்மதியாக ஆம்லெட் போடலாம்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்ப்பதைக் குறைத்துத் தூங்குங்கள். முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மென்மையான சோப்பில் கழுவினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் எரிச்சல்தான் மிஞ்சும். எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட் ரெண்டுமே வேண்டாம்; தோல் வெந்துபோகும். கிள்ளாதீங்க. பரு போய்விடும், கிள்ளிய குழி போகாது.

இதையெல்லாம்விட பெரிய ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் 'முகத்துக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணா' என்று வாங்கும் ட்யூப். நிறைய க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். போட்ட சில நாளில் முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பரு இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தோல் மெலிந்துபோகும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. ட்யூபின் பின்னால் பெயரைப் படியுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு இருந்தால், திடீரென நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

உணவை மாற்றினால் பலன் தெரிய 12 வாரமாவது ஆகும். ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. தொட்டால் வலிக்கிற பெரிய கட்டிகள், குழி விழ ஆரம்பித்த கன்னம் என்றால் உடனே தோல் டாக்டரிடம் போகணும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு தழும்பு. பெண்களுக்குத் தாடையைச் சுற்றிப் பரு, மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது மூன்றும் சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை முகத்தில் போட்ட ட்யூப்களை எல்லாம், காலியானது உட்பட, ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போங்கள்.