சுரக்காத பிட்யூட்டரிக் கட்டிகளும் புரதமாகாத ஆர்.என்.ஏ.வும்: ராமநாதபுரக் கடற்கரையை முன்வைத்து

1. சிக்கல்

மண்டைக்குள் எழும் கட்டிகளில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு, பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றுபவை. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஹார்மோனை மிகையாகச் சுரப்பவை தாமே வெளிப்பட்டுவிடும்: மோதிரம் விரலில் ஏறாது, மாதவிலக்கு தவறும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் பால் கசியும். சுரக்காத கட்டியோ மேல்நோக்கி வளர்ந்து, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தும்வரை பெரும்பாலும் தெரிவதில்லை. அப்போது இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை தேயும். நேர்ப்பார்வை தெளிவாக இருப்பதால் நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ராமநாதபுரக் கடற்கரையின் பாம்பனிலிருந்து கடலுக்குப் போகிறவருக்குப் பக்கவாட்டில் வரும் படகு தெரியாமற்போவது உயிருக்கே ஆபத்து.

2. மெக்3

வளர்ச்சி ஹார்மோன் கட்டிகள் பலவற்றில் ஜி.என்.ஏ.எஸ். மரபணுப் பிறழ்வு உண்டு. சுரக்காத கட்டிகளில் அப்படித் திரும்பத் திரும்ப வரும் பிறழ்வு அகப்படவில்லை. 2003இல் பாஸ்டனில் ஆன் கிளிபன்ஸ்கியின் குழு வேறு தடயத்தைக் கண்டது. இயல்பான பிட்யூட்டரியில் மிகுந்திருக்கும் மெக்3 என்ற நீண்ட ஆர்.என்.ஏ. இக்கட்டிகளில் காணப்படவில்லை. அது எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. பி53 என்ற காப்புப் புரதத்தைத் தூண்டிச் செல் பெருக்கத்தை அடக்குகிறது. பல கட்டிகளில் 14ஆம் குரோமோசோமிலுள்ள அதன் மரபணு அழியவில்லை. தொடக்கப் பகுதியில் மீத்தைல் படிந்து ஓய்ந்துகிடக்கிறது. இத்துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு இதுதான்.

3. நுண் ஆர்.என்.ஏ.

மெக்3 போலவே புரதமாகாத, ஆனால் மிகச் சிறியது நுண் ஆர்.என்.ஏ. 1993இல் ஒரு புழுவில் அதைக் கண்டதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். மிர்-15ஏ, மிர்-16-1 ஆகிய நுண் ஆர்.என்.ஏ.க்கள் பிட்யூட்டரிக் கட்டிகளில் குறைந்திருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர்; அளவு குறையக் குறையக் கட்டி பெரிதாக இருந்தது.

4. செய்யவேண்டியது

ரத்தத்தில் சுற்றும் நுண் ஆர்.என்.ஏ. ஒருநாள் சுரக்காத கட்டியைக் காட்டலாம். இன்று அது வழக்கமான சோதனை அல்ல. நீண்ட ஆர்.என்.ஏ., கட்டித் திசுவைப் பதித்துவைக்கும் பாரஃபின் கட்டைகளில் எளிதில் சிதையும், நுண் ஆர்.என்.ஏ. பெரிதும் தாங்கும். ஆகவே மதுரை, வேலூர் போன்ற ஊர்களின் நோய்க்கூற்றியல் துறைகளில் சேர்ந்திருக்கும் பழைய கட்டைகளிலிருந்தே நம் ஆய்வைத் தொடங்கலாம். ராமநாதபுரத்தில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இதில் சேரலாம். ரத்தச் சோதனை வரும்வரை, மண்டபம், தங்கச்சிமடம் கண் முகாம்களில் புரை பார்க்கும் மருத்துவர்கள், எதிரே அமர்ந்து விரலசைத்துப் பக்கப் பார்வையையும் சோதிக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.