பனி பெய்யாத தேசத்தின் கிறிஸ்மஸ் பந்தி

இவ்வாரத் தியானப் பகுதி: சங்கீதம் 116:12-13, லூக்கா 14:12-14



டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் இல்லங்களுக்கு வரும் வாழ்த்து அட்டைகளை எண்ணிப் பாருங்கள். பனி மூடிய கூரையும், பனியில் சறுக்கிச் செல்லும் வண்டியும், கம்பளி உடுத்திய முதியவருமே அவற்றில் காணப்படுகின்றன. நம் ஊரில் மார்கழிப் பனி புல்நுனியில் துளியாக நிற்குமேயன்றிக் கூரையை மூடுவதில்லை. ஆயினும் பஞ்சைப் பிய்த்துக் குடிலின்மேல் தூவுகிறோம். குளிர்தேசத்தாரின் வழக்கம் நற்செய்தியோடு சேர்ந்தே கப்பலேறி நம்மிடம் வந்தது.

அதே வழக்கத்தைக் கடுங்கோடைக்குள் சுமந்து சென்ற தேசம் ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியா. பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே டிசம்பர் கோடைக்காலம். நம் சபையாரின் பிள்ளைகள் சிலர் வாழும் தேசமும் அதுவே. அங்கே ஐரோப்பியர் கொண்டாடிய முதல் கிறிஸ்மஸின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

1788-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இங்கிலாந்திலிருந்து 11 கப்பல்கள் இன்றைய சிட்னி நகரின் கடற்கரையை அடைந்தன. அவற்றில் வந்தவர்களுள் 700-க்கும் மேற்பட்டோர் கைதிகள். அவர்களோடு ரிச்சர்ட் ஜான்சன் என்னும் இளம் போதகரும் அவருடைய மனைவி மேரியும் வந்திருந்தனர். பிப்ரவரி 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மரத்தின் நிழலில் நின்று ஜான்சன் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அவர் தெரிந்துகொண்ட வசனம் சங்கீதம் 116:12. கர்த்தர் செய்த உபகாரங்களுக்கெல்லாம் பதிலாக என்ன செலுத்துவேன் என்று சங்கீதக்காரன் தன்னையே கேட்டுக்கொள்ளும் வசனம் அது. நாடுகடத்தப்பட்டவர்கள் நடுவே நின்று, நன்றியைக் குறித்து அவர் பேசினார்.

அவ்வாண்டின் கிறிஸ்மஸ் பண்டிகை பற்றாக்குறையின் நடுவே வந்தது. விதைத்தவை சரியாக விளையவில்லை. மாவு வாங்கி வரும்படி அக்டோபர் மாதத்தில் 'சிரியஸ்' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் கேப் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. அது திரும்பியதோ மறு ஆண்டு மே மாதத்தில். இதற்கிடையில் வாரந்தோறும் ஒருவருக்கு அளக்கப்பட்ட மாவில் ஒரு பவுண்டு குறைக்கப்பட்டிருந்தது. உப்பிட்ட இறைச்சியும் மாவும் பட்டாணியுமே அவர்களுடைய அன்றாட உணவு. அப்படியிருந்தும், பண்டிகை முறையாக ஆசரிக்கப்பட்டது என்றும், ஜான்சன் அந்நாளுக்கேற்ற பிரசங்கம் செய்தார் என்றும், அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு ஆளுநர் ஆர்தர் பிலிப் விருந்தளித்தார் என்றும் நீதி அதிகாரியான டேவிட் காலின்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

பிரியமானவர்களே, அந்தப் பந்தியில் அமர்ந்தவர்கள் அதிகாரிகள். அந்த மண்ணில் எண்ணிறந்த தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மக்களுக்கு அதில் இடமில்லை. பண்டிகை கழிந்து ஆறாம் நாள், டிசம்பர் 31 அன்று, அம்மக்களின் மொழியை அறிந்துகொள்ள வேண்டும் என்று ஆளுநர் இட்ட கட்டளையின்படி, அரபானூ என்பவரை வீரர்கள் கடற்கரையில் வலிந்து பிடித்துப் படகில் ஏற்றினர். ஆளுநரின் இல்லத்தில் ஓரத்து மேசையொன்றில் அவருக்கு உணவு வைத்தனர். தப்பிவிடாதபடி அவர் கையில் விலங்கு பூட்டினர். முதலில் அதை அணிகலன் என்று எண்ணி அவர் மகிழ்ந்தார் என்றும், அதன் நோக்கம் விளங்கியபோது வெகுண்டார் என்றும் வாட்கின் டென்ச் என்னும் படை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். இம்மானுவேலின் பிறப்பைக் கொண்டாடி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெரியம்மை நோய் அந்த மண்ணின் மக்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளுக்கு அரபானூ மிகுந்த பரிவோடு பணிவிடை செய்தார். மே மாதத்தில் அந்நோயாலேயே அவரும் மரித்தார். விலங்கிடப்பட்ட கைகளே வியாதியஸ்தரைத் தாங்கின. அந்த ஆண்டில் கிறிஸ்துவின் சாயலை எங்கே தேடுவது என்று கேட்டால், ஆளுநரின் பந்தியைவிட அந்த நோயாளிகளின் படுக்கையருகேதான் தேட வேண்டும் என்பேன்.

இன்னொரு கதவும் அப்போது திறந்தது. நோயிலிருந்து பிழைத்த பூரோங் என்னும் சிறுமியை ஜான்சன் தம்பதியர் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டனர். ஜான்சன் அவளுக்கு எழுத்தும் கர்த்தருடைய ஜெபமும் கற்பித்தார். 1790-இல் தங்களுக்குப் பிறந்த மகளுக்கு அத்தம்பதியர் மில்பா மரியா என்று பெயரிட்டனர். மில்பா என்பது அம்மக்களின் மொழியிலிருந்து எடுத்த பெயர். பறிக்கப்பட்ட நிலத்துக்கும் இழந்த உறவுகளுக்கும் இது ஈடாகாது. பூரோங்கும் பின்னர் தன் மக்களிடமே திரும்பிச் சென்றாள். ஆயினும் அந்த எளிய வீட்டில் அவளுக்கு உணவு ஓரத்து மேசையில் வைக்கப்படவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். அப்போது ஜான்சனுக்கு ஆலயக் கட்டடம்கூட இல்லை. முதல் பிரசங்கத்துக்குப் பின் ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1793 ஆகஸ்டு மாதத்தில்தான், தம் கைப்பணத்தைச் செலவிட்டு மரக்கழிகளாலும் களிமண்ணாலும் ஓர் ஆலயத்தை அவர் எழுப்பினார். 1798-இல் அதுவும் தீக்கிரையாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் குடும்பங்கள் பெருகின. வெயில் கொளுத்தும் நண்பகலில் விறகடுப்பின்முன் நின்று தாய்மார் இறைச்சியை வாட்டினர். உலர்ந்த திராட்சையும் மாவும் கொழுப்பும் சேர்த்துத் துணியில் கட்டி, பல மணி நேரம் வேகவைத்துப் புட்டிங் செய்தனர். குளிரில் நடுங்கும் உடலுக்கு ஏற்ற உணவு அது. வெயில் தேசத்தில் அதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். கடல் கடந்து வந்தவளுக்கு அந்த மணம்தான் தாய்வீடு. விட்டு வந்த முகங்களை அவள் அந்த ஆவியில் கண்டாள். ஆகையால் அவளுடைய வியர்வையை நாம் எள்ளி நகையாடலாகாது.

காலம் செல்லச் செல்ல அந்த மண்ணே பந்தியை மாற்றியது. குளிரவைத்த பன்றியிறைச்சியும், இறாலும், மாம்பழமும் மேசைக்கு வந்தன. முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் சுட்டு, பாலேடும் பழமும் பரப்பிச் செய்யும் பாவ்லோவா வீட்டுப் பலகாரமாயிற்று. சிட்னி மீன் சந்தை பண்டிகைக்கு முன் 36 மணி நேரம் இடைவிடாமல் திறந்திருக்கும் அளவுக்குக் கடலுணவு பண்டிகை உணவாகிவிட்டது. டிசம்பரில் சிவக்கும் உள்ளூர்ச் செடியொன்றுக்குக் 'கிறிஸ்மஸ் புதர்' என்றே பெயர் வழங்குகிறது. பழைய புட்டிங்கும் மறைந்துவிடவில்லை. புதியவற்றின் பக்கத்திலேயே இன்றும் இடம்பெறுகிறது.

வெயில் இன்னொரு நன்மையும் செய்தது. 1937-ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரின் வானொலி அறிவிப்பாளர் நார்மன் பாங்க்ஸ் இரவில் வீடு திரும்பும்போது, ஒரு மூதாட்டி மெழுகுவர்த்தி ஒளியில் சன்னலருகே அமர்ந்து, வானொலியில் வந்த கிறிஸ்மஸ் பாடலோடு தனியே சேர்ந்து பாடுவதைக் கண்டார் என்பர். பண்டிகைக் காலத்தில் தனித்திருப்போர் எத்தனை பேர் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1938-ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவில் அலெக்சாண்ட்ரா பூங்காவில் எல்லாரும் கூடிப் பாட அவர் ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 10,000 பேர் மெழுகுவர்த்தி ஏந்தி வந்தனர். பனி பெய்யும் தேசத்தில் நள்ளிரவில் திறந்தவெளியில் அப்படிக் கூடுவது எளிதன்று. எது குறையென்று முன்னோர் வருந்தினார்களோ, அந்த வெப்பமே கதவுகளைத் திறந்து மக்களை ஒரே வானத்தின்கீழ் கூட்டியது.

சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்டவரின் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? விருந்து செய்யும்போது பதிலுக்கு அழைக்க இயலாத ஏழைகளையும் ஊனரையும் அழைக்கும்படி லூக்கா 14-இல் நம் ஆண்டவர் கற்பிக்கிறார். சங்கீதம் 116-இன் கேள்விக்கும் அடுத்த வசனமே விடையளிக்கிறது. சங்கீதக்காரன் இரட்சிப்பின் பாத்திரத்தைக் கையில் எடுக்கிறான். நன்றி என்பது ஒரு பந்தியில் வெளிப்படுகிறது.

இன்னும் சில நாள்களில் நம் வீடுகளில் முறுக்கு பிழிவோம்; முந்திரிக்கொத்து உருட்டுவோம். பலகாரத் தட்டுகளை மூடி அண்டை வீடுகளுக்கு அனுப்புவோம். நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்வழக்கம் அது. தட்டுகளை அடுக்கும்போது மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தட்டு அனுப்ப இயலாத ஒருவருக்கு இவற்றில் ஒன்று செல்கிறதா? நம் தெருவில் சன்னலருகே தனியே அமர்ந்திருப்பவர் யார்? நம் வீட்டில் வேலை செய்பவருக்குப் பண்டிகை நாளில் எங்கே இலை போடுகிறோம்? நம்மோடு ஒரே பந்தியிலா, ஓரத்து மேசையிலா?

ஜெபம்: எங்கள் நடுவில் வாசம்பண்ண வந்த ஆண்டவரே, எங்கள் மண்ணின் வெயிலையும் பனியையும் நீர் அறிந்திருக்கிறீர். எங்கள் அடுப்படியை ஆசீர்வதியும். உழைக்கும் கைகளுக்கு இளைப்பாறுதல் தாரும். எங்கள் பந்தியில் ஓரத்து மேசை இல்லாதபடி எங்கள் இருதயத்தை விசாலமாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.