வலைக்கண்ணின் அளவு: நகல் பிடிக்கும் மாஸ் பிறந்த கதை

நிரல் எழுதும் வகுப்பில் நகல் எடுத்தவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தப்பான விடைதான். சரியான விடையைப் பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதலாம். ஆனால் இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒன்றைக் கூட்ட மறந்து, ஒரே தேவையில்லாத வேரியபிளை அறிவித்து, அதை எங்கும் தொடாமலே விட்டிருந்தால் ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார். முப்பது பேர் இருக்கும் வகுப்பென்றால் கண்ணே போதும். முந்நூறு பேர் என்றால் ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட 44,850 ஜோடிகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணுக்கு அந்தத் தெம்பு உண்டு?

இந்த வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிடும் யோசனை பழசு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ல் ஓட்டன்ஸ்டைன் 1976ல் ஃபோர்ட்ரான் நிரல்களுக்கு ஒரு வழி சொன்னார். நிரலில் எத்தனை வகைக் குறிகள், எத்தனை வகைப் பெயர்கள், இரண்டும் மொத்தம் எத்தனை முறை வருகின்றன என்று நான்கு எண்களை எடுப்பது. இரண்டு பேருக்கு நான்கும் ஒத்துப்போனால் சந்தேகப்படுவது. அழகான யோசனைதான். ஆனால் எதற்கும் உதவாத ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எண்கள் மாறிவிடும். மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்?

1994ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஐக்கன் ஒரு கருவி செய்தார். பெயர் மாஸ், நிரல்களுக்கு இடையிலான ஒற்றுமையை அளப்பது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். வகுப்பறைக்கென்று பிறந்த அந்தக் கருவி பிற்பாடு உலகமெங்கும் போனது. நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி உட்கார்ந்து எழுதும் ஆன்லைன் போட்டிகளின் நிரல்களும் அதன் வழியாகத்தான் போயின. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதன் நியாயமும் அநியாயமும் அந்த வேலைமுறைக்குள்தான் கிடக்கின்றன.

முதலில் நிரலில் உள்ள இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் அது உருவிவிடுகிறது. வேரியபிளுக்கு நீங்கள் வைத்த பெயர் அதற்குப் பொருட்டே அல்ல. 'மொத்தம்' என்பதைக் 'கூட்டுத்தொகை' என்று மாற்றி வைத்தவர் ஏமாற்றியது தன்னை மட்டும்தான். மிச்சமிருப்பது ஒரு நீளமான எழுத்துச் சரம். அதில் குறிப்பிட்ட நீளமுள்ள துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். ஓரெழுத்து நகர்ந்தால் முந்தைய எண்ணில் போன எழுத்தைக் கழித்து, மிச்சத்தைப் பெருக்கி, வந்த எழுத்தைக் கூட்டினாலே புது எண் கிடைத்துவிடும் என்று ரிச்சர்ட் கார்ப், மைக்கேல் ராபின் இருவரும் 1987லேயே காட்டியிருந்தார்கள். அதனால் இது வெகுவேகமாக நடக்கும்.

சிக்கல் அதற்கப்புறம். எல்லா எண்களையும் சேமிக்க இடம் காணாது. சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை? அதே 1994ல் ஊடி மான்பர் என்ற ஆய்வாளர், பெரிய சேமிப்பகங்களில் ஒரே மாதிரியான கோப்புகளைத் தேட ஒரு வழி வைத்திருந்தார்: குறிப்பிட்ட வடிவில் முடியும் எண்களை மட்டும் வைத்துக்கொள்வது. சுலபம்தான். ஆனால் இப்படி எடுத்தால் நிரலின் ஒரு நீண்ட பகுதியில் அப்படிப்பட்ட எண் ஒன்றுகூட வராமலே போகலாம். அந்தப் பகுதியை அப்படியே நகல் எடுத்தவர் தப்பிவிடுவார். ஒருவர் பிடிபடுவதும் இன்னொருவர் தப்புவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றானபின் அதை எப்படி விதி என்று சொல்வது?

2003ல் சால் ஷ்லைமர், டேனியல் வில்கர்சன், ஐக்கன் மூவரும் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தீர்வு சொன்னது. எண்களின் வரிசையில் ஒரு சிறு சன்னலை நகர்த்திக்கொண்டே போ. ஒவ்வொரு சன்னலிலும் தெரியும் எண்களில் சின்னதை மட்டும் எடுத்து வை. ஒரே சின்ன எண் இரண்டு முறை வந்தால் வலது ஓரத்தில் இருப்பதை எடு. இவ்வளவுதான். எந்தச் சன்னலும் காலியாகப் போகாது என்பதால், குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்ட எந்த நகலும் கட்டாயம் அகப்படும். துண்டின் அளவைவிடச் சின்ன ஒற்றுமை எதுவும் அகப்படாது. எங்கள் கன்னியாகுமரிக் கரையில் வலைக்கண்ணைப் பற்றி நடக்கும் வாக்குவாதம்தான் இதுவும். கண் பொடியாக இருந்தால் குஞ்சும் குப்பையும் சேர்ந்து ஏறும், பெரிதாக இருந்தால் பெரிய மீனும் நழுவும். எல்லோரும் எழுதும் சாதாரண வரிகளையெல்லாம் நகல் என்று பிடித்தால் நிரல் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் குற்றவாளிதான்.

இதற்கும் மாஸில் வழி உண்டு. ஆசிரியரே கொடுத்த பகுதிகளைத் தனியாகக் கொடுத்து 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று சொல்லலாம். ஒரு பகுதி இத்தனை பேருக்கு மேல் வந்தால் அதை விட்டுவிடு என்றும் சொல்லலாம். ஐம்பது பேரிடம் இருப்பது பொதுச்சொத்து, இரண்டே பேரிடம் இருப்பதுதான் விஷயம்! நம் நீதிமன்றங்களுக்கே எளிதில் வராத விவேகம் இது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவி திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை, ஒற்றுமையை மட்டுமே காட்டுகிறது, ஏன் ஒற்றுமை வந்தது என்பது அதற்குத் தெரியாது, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மாஸின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பாதிப்பேர் படிப்பதில்லை என்பது என் சந்தேகம்.

இனி நம் பக்கம். நிரல் போட்டி என்பது ஆதியில் ஒரு அறைக்குள் நடந்தது. 1970ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டியின் வழித்தோன்றலான ஐசிபிசி இன்றும் அப்படித்தான்: ஓர் அணியில் மூன்று பேர், மூவருக்கும் ஒரே கணினி, ஐந்து மணி நேரம், கண்காணிக்க ஆள். இந்தியச் சுற்றுகள் நடந்த இடங்களில் கொல்லம் பக்கத்து அமிர்தபுரியும் ஒன்று. எங்களுக்கு ரயிலில் எட்டிவிடும் தூரம்தான். அங்கே நகல் எடுக்க வேண்டுமானால் பக்கத்து மேசையை எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை, கண்டிப்பான ஒரு ஆள் போதும்.

மும்பையின் டைரெக்டி நிறுவனம் 2009ல் கோட்செஃப் என்ற தளத்தைத் தொடங்கியபோது அறை காணாமல் போயிற்று. அதன் மாதாந்தர லாங் சேலஞ்ச் போட்டி அப்போது பத்து நாள் ஓடும். ஜெயித்தவர்களுக்கு லட்டு என்ற பெயரில் புள்ளிகள் கொடுத்தார்கள். சேர்த்து வைத்து டீ சர்ட் வாங்கலாம். இதில் முக்கியமானது லட்டு அல்ல, பத்து நாள். எங்கள் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊரில் அதன் அருமை தெரியும். தோப்பில் முகமது மீரான் இந்த ஊரை வைத்து 1988ல் வெளியிட்ட நாவலில், ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதையே தடுக்கப் பார்க்கும் ஒரு முதலாளி வருவார். அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறிப்போய் பொறியியல் படிக்கிறார்கள். பயிற்சி நிலையம் கிடையாது, சீனியர் அண்ணன்கள் கிடையாது, மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் என்றால், 'நாள் இருக்குல்லா, நாளைக்குப் போடலாம்' என்று நம்பிக்கையோடு தூங்கலாம்.

2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அடித்தது. மறுநாள், டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை, அந்த மாதத்து லாங் சேலஞ்ச் தொடங்கியது. கடலுக்குப் போனவர்களுக்காகக் கரை முழுக்க ஜனங்கள் காத்து நின்ற நாட்கள் அவை. அப்போது இந்த மாவட்டத்தில் யார் போட்டியை நினைத்திருப்பார்கள் என்று கேட்பது நியாயம்தான். மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. இரண்டு மணி நேரப் போட்டியாக இருந்தால் இந்த மாவட்டமே அன்று ஆட்டத்தில் இல்லை என்றாகும். பத்து நாள் என்ற விதி, இருட்டில் இருந்த ஊருக்கும் கடைசி நாட்களில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. எந்தப் புயலையும் மனதில் வைத்து அதை யாரும் எழுதவில்லை. ஆனாலும் அதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தைத் தின்றது நகல். தளம் தரும் ரேட்டிங்கும் நட்சத்திரமும் வேலை விண்ணப்பத்தில் எழுதும் தகுதியாக மாறியதும், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் விடைகள் வந்து விழுந்தன. பத்து நாள் என்பது யோசிக்கக் கிடைத்த அவகாசமாக இல்லாமல் விடை பரவக் கிடைத்த அவகாசம் ஆயிற்று. கோட்செஃப் போட்டி முடிந்ததும் நிரல்களை மாஸில் போட்டுச் சலித்து, அகப்பட்டவர்களின் ரேட்டிங்கைக் குறைத்தது. போதவில்லை. பின்னாளில் நாட்கள் சுருங்கின. புதன்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஸ்டார்டர்ஸ் போன்ற குறும்போட்டிகள் மேலே வந்தன. நகல் எடுத்தவர் நேர்மையானவரின் ரேங்கைப் பறித்தார் என்று பொதுவாகச் சொல்கிறோம். ரேங்க் அடுத்த மாதம் திரும்பி வரும். கரண்ட் போகிற ஊர்க்காரரிடமிருந்து அவர் பறித்த அவகாசம் திரும்பி வரவில்லை. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ரஷ்யாவின் சரதோவ் நகரில் மைக் மிர்சயானோவ் 2010ல் தொடங்கிய கோட்ஃபோர்சஸ் வேறு மாதிரி யோசித்தது. உங்கள் நிரலைப் பூட்டிவிட்டு, அறையில் உள்ள மற்றவர்களின் நிரலைத் திறந்து படித்து, அது எந்த உள்ளீட்டில் விழும் என்று காட்டினால் உங்களுக்குப் புள்ளி. போட்டியாளர்களையே சோதனைக்காரர்கள் ஆக்கும் இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கேயும் நகல் பிடிக்கும் இயந்திரம் உண்டு. அதில் மாட்டியவர்களில் ஒரு வகையினர் நகலே எடுக்காதவர்கள். ஐடியோன் போன்ற தளத்தில் நிரலை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே இயல்பாக எல்லாம் பொதுவெளியில் தெரியும்படி இருக்கும். யாரோ ஒருவர் அதை எடுத்துச் சமர்ப்பிப்பார். எழுதியவர், எடுத்தவர் இருவர் பெயரும் பட்டியலில் வரும். தெரியாமல் கசியவிடுவதும் விதிமீறலே என்கிறது கோட்ஃபோர்சஸ். சொந்தக் கணினியில் கம்பைலர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. போனிலோ பழைய மடிக்கணினியிலோ காலம் தள்ளுபவர்தான் இப்படிப்பட்ட தளங்களை அதிகம் நாடுவார். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதினாலும் விழுகிற இடம் ஒன்றாக இருப்பதில்லை.

இப்போது இன்னொரு முடிச்சு. 2024 செப்டம்பரில் கோட்ஃபோர்சஸ், போட்டியில் ஏஐ கருவிகளிடம் விடை எழுதி வாங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. கேள்வியை மொழிபெயர்க்கவும் தட்டச்சில் உதவவும் மட்டும் ஓரளவு இடம். எழுதிவிட்டார்கள், சரி. வலையில் அது எப்படி ஏறும்? ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பேர் ஒரே ஏஐயிடம் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே நிரல் வரக்கூடும். மாஸ் அந்த ஒற்றுமையைக் காட்டும், பார்ப்பவர் அவர்களைக் கூட்டாளிகள் என்று நினைக்கலாம். வேறு விதமாகக் கேட்ட மூன்றாமவருக்கு வேறு நிரல் கிடைக்கும், அவர் நழுவிவிடுவார். மனிதர் மனிதரைப் பார்த்து எழுதுவதைப் பிடிக்க 1994ல் செய்த கருவி அது.

கான்டெஸ்ட் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது சில்லறை விஷயங்கள்தான். ஆன்லைனில் ஓட்டிப் பார்ப்பதானால் முதலில் தனிப்பட்டதாக மாற்றி வையுங்கள். போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்படி வெளியான நிரலைப் பயன்படுத்த கோட்ஃபோர்சஸ் அனுமதிக்கிறது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை நிரலின் தலையிலேயே குறித்து வையுங்கள். பொது மூலத்தால் வந்த ஒற்றுமை என்பதற்கு உறுதியான சான்று இருந்தால் முறையிடவும் அங்கே வழி இருக்கிறது. பாதியில் கைவிட்ட முயற்சிகளை, வெட்கப்படும்படி இருந்தாலும், அழிக்க வேண்டாம். முறையீட்டைப் பார்க்க உட்காரும் மனிதருக்கு நீங்கள்தான் எழுதினீர்கள் என்று காட்ட, தப்பும் தவறுமான அந்த முதல் மூன்று வரைவுகளைப்போல உதவுவது வேறில்லை.