சுண்ணாம்பு சம்மதித்த நிறங்கள்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் முதலில் கையில் கொடுப்பது நிற அட்டை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள்! விரலை வைத்துக் காட்டினால் போதும், இயந்திரம் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கிக் கொடுத்துவிடும். இரண்டு தலைமுறைக்கு முன் இதே ஊர்களில் வீட்டுச் சுவருக்கு இருந்தவை நான்கைந்து நிறங்கள்தான். வெள்ளை, காவி, மஞ்சள் காவி, வெளிர் நீலம், கொஞ்சம் பச்சை. அன்றைய மக்களுக்கு ரசனை இல்லையா, காசு இல்லையா என்று கேட்கத் தோன்றும். காசு ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் வேறு: நிறத்தைத் தேர்ந்தெடுத்தது வீட்டுக்காரர் அல்ல, சுண்ணாம்பு.

இந்தச் சுண்ணாம்பின் கதைக்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே நல்ல தொடக்கம் இருக்கிறது. விழுப்புரம் – செஞ்சிப் பகுதியில் மண்டகப்பட்டு என்ற ஊரில் ஒரு குடைவரைக் கோயில். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்ததாக அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டில் மன்னன் சொல்லிக்கொள்கிறான். 'விசித்திரசித்தன்' என்ற அவனது பட்டப்பெயரும் அதில் வருகிறது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு எல்லோரும் கல்லைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு மன்னன் "இவை இல்லாமல் கட்டினேன்" என்று பெருமையடிக்கிறான் என்றால், மற்ற எல்லோரும் இவற்றை வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அது இல்லாத கட்டடம் அன்றைக்கு அதிசயம்!

ஆனால் சுண்ணாம்பை ஒதுக்கியவர்களால் நிறத்தை ஒதுக்க முடியவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் இதே பகுதியில் பனமலைக் குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில் எழுந்தது. அங்கே கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, பூச்சின் மேல் ஓவியம். அதில் இன்று மிஞ்சியிருப்பவள் ஒரு தேவி. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கி ஒயிலாகச் சாய்ந்து நின்று சிவனின் நடனத்தைப் பார்க்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த சிவனின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் நிறமும் போயிற்று, பூச்சு நின்ற இடத்தில் நிறமும் நின்றது. 1300 ஆண்டுகள்!

அது எப்படி? சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஈரப் பூச்சில் நிறத்தை வைத்தால், அந்த நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லாகும். சோழமண்டலக் கரையின் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துத் தேய்த்துப் பளிங்கு போல மினுங்க வைத்ததைக் கண்ட ஆங்கிலேயர்கள் அதை 'மெட்ராஸ் சுணம்' என்றே அழைத்தார்கள். சுண்ணம்தான் அவர்கள் வாயில் சுணம் ஆயிற்று. முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லமும் தயிரும் அதில் சேர்ந்தன. இன்று கடையில் 'கிளாஸ் ஃபினிஷ்' என்று கேட்கிறோமே, அதன் மூத்த அக்கா இதுதான்.

ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. அது கடும் காரம். எந்த நிறத்தையும் சேர்த்துக்கொள்ளாது. இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவந்துவிடுகிறதல்லவா? வீடெங்கும் மஞ்சள் இருந்தும் சுவரை மஞ்சள் தூளால் யாரும் அடிக்காததன் ரகசியம் அங்கே இருக்கிறது. காரத்தைத் தாங்கி நிற்பவை மண்ணிலிருந்து வரும் நிறங்கள். காவி என்பது இரும்பு ஆக்ஸைடு. மஞ்சள் காவியிலும் இரும்புதான், அதைச் சுட்டால் சிவப்புக் காவி. திண்டிவனத்திலிருந்து வானூர்ப் பக்கம் போனால் தென்படும் செம்மண்ணின் சிவப்பும் இதே இரும்புதான். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி வருவதற்குச் சமயக் காரணம் சொல்வார்கள். சுண்ணாம்பின் சம்மதமும் அதில் உண்டு.

நீலம்தான் சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டத்தில் அவுரி பெருமளவில் பயிரானது. திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரியிலிருந்து இயற்கைச் சாயம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த நீலம் துணிக்குத்தான் பேர் போனது. வெயில் காயும் சுவரில் அது நாளடைவில் மங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலமோ சுண்ணாம்பில் பட்டால் பழுப்பாகும். ஆப்கானிஸ்தானத்துக் கல்லிலிருந்து எடுத்த அசல் நீலம் தாங்கும், ஆனால் அது யானை விலை. பிரான்சில் கிமே என்பவர் அதே நீலத்தைச் செயற்கையாகச் செய்து 1828இல் பரிசு வாங்கிய பிறகுதான் நீலம் மலிவானது. பிறகு சலவைக்காக ராபின் புளு பொட்டலம் வீட்டுக்கு வந்தது, அதில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தொட்டிக்கும் போயிற்று. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த சுவர்களின் அந்த மெல்லிய நீலத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பயணம்!

வெள்ளையடிப்பது ஓவியத்துக்கு எமனாகவும் ஆனது. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்கள் பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்து கிடந்தன. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1931இல்தான் அவற்றை உலகுக்குக் காட்டினார்.

சுண்ணாம்பின் ஆட்சி முடிந்த கதை சுருக்கமானது. 1902இல் கல்கத்தாவில் ஷாலிமார், 1942இல் பம்பாயில் ஏஷியன் பெயிண்ட்ஸ். முதலில் டிஸ்டெம்பர், பிறகு எமல்ஷன். எமல்ஷனில் நிறத்தைப் பிடித்துவைப்பது சுண்ணாம்பு அல்ல, ஒரு வகைப் பிளாஸ்டிக் படலம். அதனால்தான் ஆயிரம் நிறங்கள் சாத்தியமாயின. படலப்பொருள் கூடினால் பளபளப்பு, குறைந்தால் மேட். பளபளப்பைத் துடைக்கலாம், ஆனால் சுவரின் மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுக்கும். அதை மறைக்கத்தான் பட்டி பார்ப்பது. எனாமலில் இருந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பது தெரிந்தும், வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தாமதம் மன்னிக்க முடியாதது.

புதிய பெயிண்டுக்கும் பழைய சுவருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஈரப் பூச்சின் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். எமல்ஷன் அந்த மூச்சை அடைக்கும். மரக்காணம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்துப் படலத்தைத் தள்ளும். அப்போது பெயிண்டர் தகட்டை எடுத்துச் சுரண்டுவார். முதலில் எமல்ஷன் தோல் தோலாக உரியும். அடுத்து டிஸ்டெம்பர் மாவாகக் கொட்டும். அதற்கும் கீழே வெளிர் நீலம், அதன் கீழ் மஞ்சள் காவி, அடியில் வெள்ளை. அங்கே தகடு வழுக்கும்.