திராட்சைப் பந்தலும் கணக்குத் தலைப்பும்: பல்கலைக்கழகச் செலவைப் பகுப்பதில் ஒரு சிக்கல்

பொதுப் பல்கலைக்கழகம் தன் பணத்தைக் கற்பித்தல், ஆராய்ச்சி, மக்கள் பணி ஆகிய மூன்றுக்கும் எப்படிப் பங்கிடுகிறது என்று கேட்டால், வரவு செலவுத் திட்ட ஏட்டைப் புரட்டி விடை சொல்லிவிடலாம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சம்பளப் பட்டியல் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதற்கு மேல் அந்த ஏடு எதுவும் சொல்வதில்லை என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்கு தகுந்த இடம்.

ராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று சுற்றிலும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். மஸ்கட் ஹாம்பர்க் ரகமான இந்தப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒரு மகசூல். இங்கோ இரண்டு ஆண்டில் ஐந்து வரை எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும் நாளில் பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டுவார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு ஆண்டு முழுவதும் எங்காவது இளந்தளிர் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. புனேயிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தின் முடிவுகளை அப்படியே இங்கு இறக்கிவிட முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

இத்தகைய நிலையத்தில் பணிபுரியும் விஞ்ஞானி ஒரு பந்தலுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் கண்ட இலையைப் பறித்துப் பைக்குள் போடுகிறார், அது ஆராய்ச்சி. எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று தோட்டக்காரரிடம் சொல்கிறார், அது விரிவாக்கம் என்னும் மக்கள் பணி. உடன் வந்த இளநிலை மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள்; அது கற்பித்தல். ஒரே காலைப்பொழுது, ஒரே சம்பளம். நிலையத்தின் பெயரில் ‘ஆராய்ச்சி’ இருப்பதால் முழுச்சம்பளமும் அந்தத் தலைப்பில் போய்ச் சேரும். கிராமத்தில் தங்கிப் பயிலும் பணி அனுபவப் பருவத்தை எந்தத் தலைப்பில் வைப்பது என்று கேட்டாலும் இதே குழப்பம்தான்.

மூன்று பணிகளையும் ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் இந்த அமைப்பின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கல்லூரிக்கு 1862இல் மாரில் சட்டம், சோதனை நிலையத்துக்கு 1887இல் ஹாட்ச் சட்டம், விரிவாக்கத்துக்கு 1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் என்று மூன்று பணிகளுக்கும் தனித்தனி நிதி வழி வகுத்தார்கள். அந்த மாதிரியைத் தழுவி 1960இல் பந்த்நகரிலும் 1971இல் கோயம்புத்தூரிலும் வேளாண் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஆனால் விரிவாக்கம் என்னும் மூன்றாம் காலை நாம் முழுதாக ஊன்றவில்லை. களத்து விரிவாக்கம் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் கையில் நின்றுவிட்டது. அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களில் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் தருகின்றன. வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு முழுச்செலவும் தில்லியிலிருந்து வருகிறது. ஆக, ஒரே பயிருக்கான செலவு பல பைகளில் சிதறிக் கிடக்கிறது. பல்கலைக்கழக ஏட்டில் தெரியும் விழுக்காடு அவற்றுள் ஒரு பையின் கணக்கு மட்டுமே.

கலை, அறிவியல் கல்லூரிகள் பக்கம் திரும்பினால் ஏடு இன்னும் பெரிய பொய் சொல்கிறது. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1966இல் பிறந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பாடம் நடத்தும் செலவு அரசு உதவியும் கல்லூரிக் கட்டணமுமாகக் கல்லூரிக் கணக்கில் ஏறுகிறது. எனவே பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறும் பெரும்பாலானோருக்கான கற்பித்தல் செலவு அதன் ஏட்டிலேயே இல்லை. அண்மை ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமான செய்தியை அறிவோம். ஓய்வூதியம் மூன்றில் எந்தப் பணிக்கான செலவு? என்றோ நடத்திய பாடத்துக்கான பாக்கி அது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நடப்பாண்டு ஆய்வகத்தின் பணத்தைத் தின்பதும் அதுவே.

ஆசிரியர்களின் நேரத்தை அளந்து செலவைப் பகுக்கலாமே என்பர். பிரிட்டனில் கால் நூற்றாண்டாக அப்படி ஒரு முறை நடப்பில் இருக்கிறது. தலைப்பைக் காட்டிலும் நேரம் மெய்க்கு அருகில் வரும் என்பதை மறுக்க மாட்டேன். எனினும் படிவத்தை நிரப்புபவர், நிதி தருபவர் எதை விரும்புகிறார் என்று அறிந்தே நிரப்புவார். அதைவிடப் பயிர்வாரிக் கணக்கு நம்பகமானது: இந்தப் பள்ளத்தாக்கின் திராட்சைக்காக மாநிலம், மத்தியக் கழகம், தோட்டக்கலைத் துறை ஆகியவை ஓர் ஆண்டில் போட்ட பணம் எவ்வளவு, அதில் எத்தனை ஆள்மாதம், எத்தனை மாணவர் நாள், எத்தனை தோட்டப் பார்வை என்று ஒரே பக்கத்தில் எழுதுவது.

அப்படி எழுதினால் இன்னொன்றும் வெளிப்படும். திராட்சைக்கொடி நெல் போன்றதன்று. வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நட்ட கொடியின் தரத்தைச் சொல்லப் பல கவாத்துகள் பார்க்க வேண்டும். கொடியின் ஆயுளோ பத்தாண்டுக்கும் மேல். திட்டநிதி பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வருகிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு எத்தனை விழுக்காடு என்று பேரவையில் கேட்பதற்கு முன், திட்டம் முடிந்த நான்காம் ஆண்டில் சோதனைப் பந்தலுக்கு மருந்தடிக்கும் கூலி எந்தத் தலைப்பில் வரும் என்பதைச் செடி நடும் முன்பே நிதி அலுவலரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.