டிரங்க்

தாம்பரம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் முழுப்பெயரான கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் உள்ள டிரங்க் என்னும் சொல்லே, வலையமைப்பு ஸ்விட்சுகளைப் பராமரிப்போரிடம் ‘டிரங்க் போர்ட்’ என வழங்குகிறது. கிளை தறித்த அடிமரத்தைக் குறிக்கும் லத்தீன் ‘டிரங்குஸ்’ இதன் வேர். அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டி டிரங்குப் பெட்டியாகி, தகரத்துக்கு மாறிய பின்னும் அப்பெயரையே சுமந்தது. கிளைவழிகள் வந்து சேரும் பெருவழி டிரங்க் சாலையாயிற்று. ஊர்களின் தொலைபேசி நிலையங்களை இணைத்த பொதுத்தடத்தில் பேசுவது டிரங்க் கால் ஆயிற்று. ஒரே ஸ்விட்சைப் பல தனி வலைகளாகப் பகுக்கும் ‘வீலான்’கள் பலவற்றின் தரவை ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் இணைப்பையே சிஸ்கோ நிறுவன வழக்கு டிரங்க் என்கிறது; எந்தத் தரவு எந்த வீலானுக்கு உரியது என்பதை, 1998இல் வெளிவந்த 802.1க்யூ தரநிலை வகுத்த 4 பைட் குறிச்சீட்டு காட்டுகிறது. ஹெச்.பி. புரோகர்வ் ஸ்விட்சுகளிலோ பல கம்பிகளை ஒன்றாகக் கட்டுவதே டிரங்க் எனப்படுவதால், இரு நிறுவனக் கருவிகளும் கலந்துள்ள அலுவலகத்தில் இச்சொல் எளிதில் தவறான அமைப்புக்கு இட்டுச்செல்லும். இதற்குத் தமிழ்ச்சொல் தேடினால், தமிழில் புளிக்கும் வேம்புக்கும் ‘அடி’, கீரைக்கும் வாழைக்கும் ‘தண்டு’ எனப் பிரித்து வழங்கும் மரபின்படி ‘அடித்தடம்’ என்பதே பொருந்த வேண்டும். ஆயினும் அது காலடிச் சுவடு என்று கேட்கக்கூடுமாதலால், மரபு சற்றே நெகிழினும் ‘தண்டுத்தடம்’ ஏற்புடையது.